கர்ப்பத்துல எது சகஜம், எதுக்கு உடனே ஓடணும்: என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

நான் டெல்டா பக்கம் கிராம சுகாதார நர்ஸா இருபத்தாறு வருஷம் வேலை பாத்து ரிடையர் ஆனவ. இப்பவும் ராத்திரி பத்து மணிக்கு போன் வரும். "நர்ஸம்மா, தூங்கிட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சா அடுத்தது என்ன வரும்னு எனக்கே தெரியும், ஆள் தான் மாறுவாங்க, சந்தேகம் மாறாது. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். நான் டாக்டர் கிடையாது, மருந்து அளவெல்லாம் உங்க டாக்டர் தான் சொல்லணும். எந்த நேரத்துல வீட்டுல உக்காந்து பேசிட்டு இருக்கக்கூடாதுங்கறத மட்டும் என்னால அடிச்சு சொல்ல முடியும்.

கார்டுல சிவப்பு இங்க்குல "ஹை ரிஸ்க்"னு எழுதிட்டாங்க. புள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?

ஒண்ணும் ஆகல. இந்தப் பொண்ண கூடுதலா கவனிக்கணும், பிரசவத்த பெரிய ஆஸ்பத்திரியில வைக்கணும்னு எங்களுக்கு நாங்களே போட்டுக்கற குறிப்பு அது. பதினெட்டு வயசு ஆகாதவங்க, முப்பத்தஞ்சு தாண்டினவங்க, உயரம் நாலடி ஏழு அங்குலத்துக்கும் கம்மியா இருக்கறவங்க, ரொம்ப ஒல்லி இல்லன்னா ரொம்ப குண்டு, ரத்தம் கம்மி, பிபி, சுகர், தைராய்டு, இருதய நோய், வலிப்பு, ரெட்டைப் புள்ள, முன்னாடி சிசேரியன் ஆனவங்க, முன்னாடி புள்ள வயித்துலயே தவறினவங்க, போன புள்ளைக்கும் இதுக்கும் ரொம்ப கிட்ட கிட்ட உண்டானவங்க, ரத்த வகை நெகட்டிவ், இப்படி நீளும். ஊர்ல எண்ணிப் பாத்தா நாலு பேர்ல ஒருத்தராவது இதுல எதுலயாவது வருவாங்கன்னு தான் எனக்குத் தோணும்.

ஹை ரிஸ்க்னு போட்டவங்க பிரசவத்த சீமாங் சென்டர் இருக்கற ஆஸ்பத்திரியில வச்சுக்கறது நல்லது. அங்க எந்த நேரமும் ஆபரேஷன் பண்ண டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம், பச்சப் புள்ளைய பாக்கற வார்டு எல்லாம் இருக்கும். பக்கத்து பிஹெச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸ் நல்லவங்க, தெரிஞ்சவங்கங்கறது வேற விஷயம், ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்த பாட்டில் அங்க இருக்குமாங்கறது வேற விஷயம்.

எனக்கு எல்லாமே நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறம் எதுக்கு மாசாமாசம் அலையணும்?

நார்மல்னு சொன்னது அன்னிக்கு. அஞ்சாம் மாசம் நார்மலா இருந்த பிபி எட்டாம் மாசம் ஏறும், மூணாம் மாசம் இல்லாத சுகர் ஆறாம் மாசம் வரும். என் அனுபவத்துல பயந்து ஓடி வந்த கேஸ் பாதி "எனக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு இருந்தவங்க தான், ஹை ரிஸ்க் பொண்ணுங்க எப்பவும் யார் கண்ணுலயாவது பட்டுட்டே இருப்பாங்க.

ஏழாம் மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவ, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, கடைசி மாசம் வாராவாரம்னு டாக்டருங்க பாப்பாங்க. ஒவ்வொரு தடவையும் எடை, பிபி, யூரின், ரத்தம் எவ்வளவுன்னு பாக்கணும். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாசாமாசம் 9ம் தேதி கர்ப்பிணிகளுக்குன்னே தனி முகாம் 2016லேந்து நடக்குது, காசு கிடையாது. 2018-20 கணக்குல உயிரோட பொறக்கற ஒரு லட்சம் புள்ளைக்கு இந்தியா பூரா 97 தாய்மார்கள் செத்தாங்க, நம்ம தமிழ்நாட்டுல 54. இந்த வித்தியாசத்துக்குப் பின்னாடி இந்த மாதிரி சலிப்பான செக்கப் நெறைய இருக்கு.

எதுக்கெல்லாம் உடனே கிளம்பணும்? ஒரே மூச்சுல சொல்லிடுங்களேன்.

சொல்றேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரர் போன்லயும் போட்டு வைங்க. எந்த மாசமா இருந்தாலும் ரத்தம் போறது. விடாத தலைவலி, கண்ணு மங்கறது, பூச்சி பறக்கற மாதிரி தெரியறது. மேல் வயித்துல வலி, அதுவும் வலது பக்க விலா எலும்புக்குக் கீழ. முகமும் கையும் திடீர்னு வீங்கறது. வலிப்பு. புள்ள அசைவு கொறையறது. தண்ணியா ஒழுகறது. குளிர் காய்ச்சல். படுத்தா மூச்சு வாங்கறது, நெஞ்சு படபடன்னு அடிக்கறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கறது. ஒரு வாய் தண்ணி கூட தங்காம வாந்தி.

இதுல எது வந்தாலும் 108. நேரா ஆஸ்பத்திரி. காலையில பாத்துக்கலாம், வீட்டுக்காரர் வரட்டும், இன்னிக்கு அமாவாசை அப்படின்னு பேசற நேரம் இல்ல. மத்த கேள்விங்க எல்லாம் இந்த லிஸ்ட்டோட விளக்கம் தான்.

ஹெச்பி (ரத்த அளவு) 9 தான் இருக்காம். இரும்பு மாத்திரை போட்டா புள்ள கருப்பா பொறக்கும்னு மாமியார் சொல்றாங்க, நெஜமா?

மாத்திரையால கருப்பாகறது நம்ம மலம் தான், புள்ள இல்ல. புள்ள நெறம் அப்பா அம்மா கிட்டேந்து வர்றது, குங்குமப்பூவுக்கும் அதுல வேலை இல்ல, அந்தக் காசுல முட்டை வாங்கிக்கலாம். கர்ப்பிணிக்கு ஹெச்பி 11க்கு மேல இருக்கணும், 7லேந்து 10க்குள்ளன்னா மிதமான ரத்தசோகை, 7க்குக் கீழ போனா அட்மிஷன், ரத்தம் ஏத்தற அளவுக்குக் கூட போகும். 9 இருக்கறவங்களுக்கு நடக்கறதுல பேசறதுல ஒரு வித்தியாசமும் தெரியாது, அது தான் வம்பு. பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும். 12 இருக்கறவ தாங்கற அளவு 8 இருக்கறவளுக்குத் தாங்காது.

மாத்திரைய டீ காப்பியோட போடாதீங்க, ஒட்டாது. கால்சியம் மாத்திரையும் அதுவும் ஒரே வேளையில வேண்டாம், ஒண்ணு காலையில ஒண்ணு ராத்திரி. எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லா ஒட்டும். வயித்த பெரட்டுதுன்னா ராத்திரி சாப்ட்டு அரை மணி கழிச்சு போட்டுப் படுங்க. அப்பவும் முடியலன்னா மாத்திரைய பீரோவுல ஒளிச்சு வச்சுட்டு சாப்ட்டேன்னு பொய் சொல்லாம (எத்தன பீரோவுல பாத்திருக்கேன்!) எங்ககிட்ட சொல்லுங்க, நரம்புல ஏத்தற இரும்பு ஊசி இருக்கு. நாலாம் மாசத்துக்கு மேல ஒரு பூச்சி மாத்திரையும் குடுப்பாங்க, அதையும் விடாதீங்க.

கால் வீங்கறது எல்லா புள்ளத்தாச்சிக்கும் வர்றது தானே?

பாதி உண்மை. சாயங்காலம் கணுக்கால்ல நீர் போட்டு, ராத்திரி கால தூக்கி வச்சுப் படுத்தா காலையில வடிஞ்சுடும், அது சகஜம். காலையில எந்திரிக்கும்போதே வீக்கம், முகம் உப்பிருக்கு, மோதிரம் கழட்ட முடியல, ஒரே வாரத்துல ரெண்டு கிலோ ஏறிடுச்சுன்னா அது வேற கதை. அன்னிக்கே பிபி பாக்கணும், யூரின்ல புரதம் போகுதான்னு பாக்கணும். அஞ்சு மாசத்துக்கு மேல பிபி ஏறி புரதமும் போனா அதுக்குப் பேரு ப்ரீஎக்லாம்ப்சியா. முத்திப் போனா வலிப்பு வரும், நம்ம ஊர்ல ஜன்னின்னு சொல்வாங்க.

ஒரு பொண்ண பத்தி சொல்லணும். தலப்பிரசவம், எட்டு மாசம், ரெண்டு நாளா தலைவலி. வீட்டுல தைலம் தேச்சு, கண்ணு பட்டுருக்கும்னு மொளகா சுத்திப் போட்டு, மூணாம் நாள் விடிகாலை பாத்ரூம்ல வலிப்பு. கையில சாவிக்கொத்து குடுத்திருந்தாங்க நான் போறப்போ. வலிப்பு வந்தா இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களிச்சு இடது பக்கமா படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, 108க்குப் போன் பண்ணுங்க. ஆஸ்பத்திரியில மெக்னீசியம் சல்ஃபேட்னு ஊசி போடுவாங்க. அந்தப் பொண்ணு பொழச்சுது, புள்ள தங்கல. தலைவலிக்கு மொத நாளே பிபி பாத்திருந்தா கதை மாறிருக்கும்னு இன்னிக்கும் நெனப்பேன்.

பிபி 140/90 தான், தலைவலி கூட இல்ல. இதுக்குப் போயி அட்மிட் ஆவணுமா?

பிபிக்கு வலியே கிடையாது, வலி வர்ற நேரத்துல அது ரொம்ப தூரம் போயிருக்கும். 140/90ங்கறது கோடு, 160/110ங்கறது நெருப்பு. கோட்ட தொட்டவங்கள அட்மிட் பண்ணி ரத்தத்துல தட்டணு, லிவர், கிட்னி எல்லாம் பாத்து, புள்ள வளர்ச்சிய பாத்துட்டு, பல பேர மாத்திரையோட வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. உப்ப கொறச்சா போதும்னு பக்கத்து வீட்டுல சொல்றத நம்பி மாத்திரைய விடாதீங்க.

தலப்பிரசவம், ரெட்டைப் புள்ள, போன தடவ பிபி வந்தவங்க, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்தவங்க, ரொம்ப குண்டா இருக்கறவங்க, ஏற்கனவே சுகர் கிட்னி இருக்கறவங்க, இவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அவங்கள்ல சில பேருக்கு மூணாம் மாசம் முடிஞ்சதும் சின்ன அளவு ஆஸ்பிரின் மாத்திரை ஆரம்பிப்பாங்க. நீங்களா வாங்கிப் போடக்கூடாது, ஆனா "எனக்கு அது தேவையா டாக்டர்"னு கேக்கலாம், கேட்டா யாரும் கடிக்க மாட்டாங்க.

எங்க வம்சத்துலயே சுகர் கிடையாது. எனக்கு மட்டும் எதுக்கு அந்த குளுக்கோஸ் தண்ணி?

உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். நஞ்சுலேந்து (புள்ளையோட சேந்து வளர்ற பிளசென்டா) சுரக்கற ஹார்மோன் இன்சுலின வேலை செய்ய விடாது, அதனால கர்ப்பத்துல மட்டுமே வர்ற சுகர்னு ஒண்ணு இருக்கு. 75 கிராம் குளுக்கோஸ கரைச்சுக் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கறது, 140 இல்லன்னா அதுக்கு மேல இருந்தா சுகர். வெறும் வயித்துல தான் வரணும்னு கட்டாயம் இல்லாத இந்த முறைய கொண்டு வந்ததுல நம்ம சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு, பஸ் புடிச்சு பசியோட வர்ற பொண்ணுங்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்னு எனக்குத் தெரியும். மொத விசிட்ல ஒரு தடவ, 24லேந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவ.

கண்டுக்காம விட்டா புள்ள எடை கூடிப் போயி தோள் மாட்டிக்கும், பனிக்குடத் தண்ணி ஜாஸ்தியாகும், பொறந்த புள்ளைக்கு சுகர் இறங்கும். பாதிக்கு மேல பேருக்கு சாப்பாட்ட மாத்தினா, சாப்ட்டதும் நடந்தா போதும். ஒரே தட்டு நெறைய சோறு வேண்டாம், பிரிச்சு பிரிச்சு சாப்டுங்க, "ரெண்டு உசுருக்கு சாப்டு"ன்னு ஊட்டறவங்கள கொஞ்சம் தள்ளி வைங்க. பிரசவம் ஆனதும் சுகர் பெரும்பாலும் போயிடும், ஆனா ஆறு வாரம் கழிச்சு ஒரு தடவ பாக்கணும், பிற்காலத்துல திரும்பி வர வாய்ப்பு இருக்கு.

ரெண்டு மாசம் தான் ஆகுது, லேசா தீட்டு பட்டுது. படுத்தே இருந்தா சரியாயிடுமா?

சில பேருக்கு தானா நிக்கும், புள்ளையும் நல்லா வளரும். ஆனா படுக்கையால தான் நின்னுதுன்னு சொல்ல முடியாது, கரு தங்கறதும் தங்காததும் பெரும்பாலும் கருவோட அமைப்புலயே இருக்கு. பப்பாளி சாப்ட்டியா, வண்டியில போனியான்னு அந்தப் பொண்ண குத்தம் சொல்றத முதல்ல நிறுத்தணும்.

ஸ்கேன் எடுக்கச் சொல்றதுக்கு வேற காரணம் இருக்கு. கரு கர்ப்பப்பைக்குள்ள இல்லாம குழாய்ல தங்கியிருந்தா ஒரு பக்கமா அடிவயிறு வலிக்கும், தோள்பட்ட வலிக்கும், மயக்கம் வரும், குழாய் வெடிச்சா வெளிய ரத்தம் கொஞ்சமா தான் தெரியும், உள்ளுக்குள்ள வயிறு பூரா ரத்தம். நாள் தள்ளிப் போன பொண்ணு வயித்து வலியோட மயங்கி விழுந்தா கேஸ் பிரச்சனைன்னு சோடா குடுக்காதீங்க. இன்னொண்ணு முத்துப்பிள்ளை. புள்ளையே உருவாகாம நஞ்சு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளரும், வாந்தி பலமா இருக்கும், வயிறு மாசத்துக்கு மீறி தெரியும். ரெண்டும் ஸ்கேன்ல தான் புடிபடும்.

எட்டாம் மாசம் வலியே இல்லாம ரத்தம் போச்சு, தானா நின்னுடுச்சு. நின்னதுக்கு அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?

வலி இல்லாம போற ரத்தம்னா நஞ்சு கீழ, கர்ப்பப்பை வாய மூடிட்டு இருக்கலாம். மொத தடவ கொஞ்சமா காட்டிட்டு நிக்கும், அடுத்த தடவ குழாய தொறந்த மாதிரி கொட்டும். ஸ்கேன் பாக்காம யாரும் உள்பரிசோதனை பண்ணக்கூடாது, அதனால "அஞ்சாம் மாச ஸ்கேன்ல நஞ்சு கீழன்னு சொன்னாங்க"ன்னு போனதும் சொல்லிடுங்க. அஞ்சாம் மாசம் கீழ இருந்தது பல பேருக்கு மேல ஏறிடும், எட்டாம் மாசத்துல இன்னொரு தடவ பாத்தா தெரியும்.

வயிறு கல்லு மாதிரி இறுகி, வலியோட ரத்தம் போனா நஞ்சு முன்னாடியே பிரிஞ்சிருக்கலாம். பிபி இருக்கறவங்களுக்கும் வயித்துல அடி பட்டவங்களுக்கும் இது வரும். இங்க நிமிஷம் தான் கணக்கு.

புள்ள ஒரு நாளைக்கு எத்தன தடவ அசையணும்?

எல்லா புள்ளைக்கும் ஒரே கணக்கு இல்ல. உங்க புள்ளைக்குன்னு ஒரு பழக்கம் இருக்கும், ராத்திரி ஒம்போது மணிக்கு ஒதைக்கும், சாப்ட்டதும் உருளும், அந்தப் பழக்கம் மாறினா தான் கவனிக்கணும். ஏழு மாசத்துக்கு மேல சந்தேகம் வந்தா சாப்ட்டுட்டு இடது பக்கம் படுத்து எண்ணுங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து வரலன்னா கிளம்புங்க.

"கடைசி மாசம் எடம் இல்ல, அதான் அசையல"ன்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. உருள்றது கொறையலாம், அசைவு எண்ணிக்கை கொறையக்கூடாது. கூல்டிரிங்ஸ் குடிச்சுப் பாக்கறேன், நாளைக்கு செக்கப் இருக்கே அங்க சொல்லிக்கறேன்னு ஒரு ராத்திரிய தள்ளாதீங்க.

இது சூட்டு வலியா, பிரசவ வலியான்னு எப்படித் தெரியும்?

சீரகத் தண்ணி வச்சுக் குடுத்து பாப்பாங்க, சூட்டு வலின்னா அடங்கிடும்னு. ஒம்போது மாசம் முடிஞ்சவங்க ஒரு டம்ளர் குடிக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல, நானும் குடிச்சிருக்கேன். நெஜ வலி இடுப்புலேந்து முன்னாடி வரும், வரவர நேரம் கிட்ட கிட்ட வரும், நடந்தாலும் படுத்தாலும் விடாது, சளி மாதிரி ரத்தம் கலந்து படும்.

ஆனா 37 வாரம் ஆகலன்னா சீரகத் தண்ணி விளையாட்டே வேண்டாம். வயிறு விட்டு விட்டு இறுகினா போங்க. நெஜமாவே கொறமாசப் பிரசவம்னா புள்ள நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, அது வேலை செய்ய நேரம் வேணும், வீட்டுல கழிச்ச அந்த ஆறு மணி நேரம் அதுக்குத் தேவைப்பட்ட நேரம்.

பனிக்குடம் உடைஞ்ச மாதிரி இருக்கு, வலியே இல்ல. வலி வந்ததும் போனா போதுமா?

போதாது. பேட் வச்சுக்கிட்டு நெறத்த பாருங்க, மணிய பாத்து வச்சுக்குங்க, கிளம்புங்க. நேரம் ஆக ஆக கிருமி ஏறும். பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா புள்ள உள்ளயே மலம் போயிருக்கு, ரத்தமா இருந்தா மேல சொன்ன கதை, ரெண்டுமே அவசரம். தொப்புள்கொடி வெளிய வந்துட்ட மாதிரி தெரிஞ்சா பொண்ண முட்டி போட்டு தலைய கீழ, இடுப்ப மேல வச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க.

ஸ்கேன்ல "கொடி சுத்தியிருக்கு"ன்னு போட்டுருக்கு. மாமனுக்கு ஆகாதுங்கறாங்க, சிசேரியன் தானா?

மாமனுக்கு ஒண்ணும் ஆகாது, அவர நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. அஞ்சு புள்ளையில ஒண்ணாவது கழுத்துல கொடியோட தான் பொறக்குது, பெரும்பாலும் பிரசவம் பாக்கறவங்க விரலால எடுத்து விட்டுடுவாங்க. அதுக்காக மட்டும் சிசேரியன் கிடையாது.

பனிக்குடத் தண்ணி கம்மின்னு போட்டிருந்தா அத மட்டும் லேசா எடுத்துக்காதீங்க, புள்ள வளர்ச்சியும் அசைவும் சேத்துப் பாக்கணும், திரும்ப வரச் சொன்ன தேதிக்கு கண்டிப்பா போங்க. புள்ள தலை மேல இருக்குன்னு ஆறாம் மாசம் போட்டிருந்தா இப்பவே கவலை வேண்டாம், திரும்ப நெறைய நாள் இருக்கு.

எனக்கு நெகட்டிவ் ரத்தம், அவருக்கு பாசிட்டிவ். மொத புள்ள நல்லாத் தானே பொறந்தது?

மொத புள்ளைக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. புள்ளையோட பாசிட்டிவ் ரத்தம் பிரசவத்துல உங்க ரத்தத்துல கலக்கும்போது உங்க உடம்பு அதுக்கு எதிரா ஆள் சேக்க ஆரம்பிக்கும், அது அடுத்த புள்ளைய தாக்கும், ரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில சமயம் வயித்துலயே நீர் கோத்து தவறிடும். அத தடுக்கத்தான் ஆன்டி டி ஊசி. ஏழாம் மாசம் ஒண்ணு, புள்ள பாசிட்டிவா பொறந்தா 72 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு.

எல்லாரும் கோட்டை விடற இடம் கருச்சிதைவு. மேல சொன்ன மாதிரி தீட்டு பட்டு கலைஞ்சாலும், குழாய்ல கரு தங்கினாலும், ஊசி வேணுமான்னு கேக்கணும். "கலைஞ்சு தானே போச்சு"ன்னு யாருக்கும் சொல்லாம விட்டா அடுத்த தடவ டாக்டருக்கே தெரியாது.

புள்ளைக்கு ஆகாதுன்னு வலிப்பு மாத்திரையவும் தைராய்டு மாத்திரையவும் நிறுத்திட்டேன். சரி தானே?

இல்லம்மா, ரெண்டுமே தப்பு. வலிப்பு மாத்திரைய டக்குனு நிறுத்தினா வலிப்பு திரும்பும், அது புள்ளைக்கு மாத்திரைய விட கெடுதல். வால்ப்ரோயேட் மாதிரி சில மாத்திரை புள்ளைக்கு ஆகாதுங்கறது உண்மை, அதனால தான் கல்யாணம் ஆனதுமே, உண்டாகறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட மாத்திக்கணும்னு சொல்றோம். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, இரும்பு கால்சியத்துலேந்து நாலு மணி நேரம் தள்ளி, கர்ப்பத்துல பெரும்பாலும் அளவு கூட்டத்தான் வேண்டி வரும்.

சின்ன வயசுல மூட்டு வலி காய்ச்சல் வந்து மாசாமாசம் பென்சிலின் ஊசி போட்டவங்க, இருதயத்துல ஓட்டைன்னு சொன்னவங்க, தயவுசெஞ்சு மறைக்காதீங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதுன்னு அம்மாமார் கண்ண காட்டுவாங்க, அந்த ரகசியத்த நான் எத்தனயோ தடவ அடுப்படியில வச்சு தனியா கேட்டு வாங்கிருக்கேன். கர்ப்பத்துல இருதயத்துக்கு வேலை ஒண்ணரை மடங்கு, வால்வு சுருங்கினவங்களுக்கு ஏழாம் மாசத்துக்கு மேல மூச்சு முட்டும்.

மொத பிரசவம் சிசேரியன். ரெண்டாவத வீட்டுலயே இயற்கையா பாத்துக்கலாம்னு வீட்டுக்காரர் வீடியோ காட்டறாரு.

சிசேரியனுக்கு அப்புறம் நார்மல் பல பேருக்கு ஆகும், அத கேக்கறது தப்பில்ல. ஆனா பழைய தையல் பிரசவ வலியில பிரியற ஆபத்து இருக்கு, அதனால ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துல இருக்கற எடத்துல தான் முயற்சி பண்ணணும். நஞ்சு பழைய தழும்பு மேல ஒட்டியிருக்கான்னு ஸ்கேன்ல கேட்டுக்குங்க, ஒட்டி உள்ள ஊடுருவியிருந்தா ரத்தப்போக்கு ரொம்ப மோசமா இருக்கும்.

வீட்டுப் பிரசவம்னா, தையலே இல்லாதவங்களுக்கும் வேண்டாம்னு தான் சொல்வேன். 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்டுல பிரசவம் பாத்து ஒரு பொண்ணு ரத்தப்போக்குல செத்துப் போனது எல்லா பேப்பர்லயும் வந்துது. வீடியோவுல ரத்தம் நிக்காத பிரசவத்த யாரும் காட்ட மாட்டாங்க.

வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்குப் போறேன், இங்க பாத்த பைல் அங்க தேவையா?

துணிப்பெட்டிய மறந்தாலும் பைல மறக்காதீங்க. ஏழு மாசம் ஒரு எடத்துல பாத்து, கடைசி ரெண்டு மாசம் வேற ஊரு, வேற டாக்டர்னு மாறற இந்த நம்ம ஊர் வழக்கத்துல தான் நெறைய விஷயம் நழுவுது. ஆரம்பத்துல பிபி எவ்வளவு இருந்துதுன்னு தெரியாம புது டாக்டர் இப்ப இருக்கறது கூடுதலான்னு எப்படி சொல்வாங்க? தாய்சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணப்போ குடுத்த நம்பர்), பழைய சிசேரியன் டிஸ்சார்ஜ் சம்மரி. போய் சேந்த வாரமே அந்த ஊர் நர்ஸ்கிட்ட பேர் குடுத்துடுங்க, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், யாரு ரத்தம் குடுப்பாங்கன்னு அப்பவே பேசி வச்சுக்கணும்.

புள்ள நல்லபடியா பொறந்தாச்சு, இனிமே என்ன பயம்?

பிரசவம் முடிஞ்ச மொத ஒரு நாள் தான் இருக்கறதுலயே ஆபத்தான நாள், எல்லாரும் புள்ளைய சுத்தி நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருக்கற அதே நேரம். ஒரு மணி நேரத்துக்குள்ள பேட் முழுசா நனைஞ்சா, பெரிய பெரிய கட்டியா போனா, தலை சுத்தினா, கை கால் சில்லுன்னு ஆனா உடனே நர்ஸ கூப்டுங்க, "அழுக்கு ரத்தம், போகட்டும்"னு சொல்ற பாட்டிய நம்பாதீங்க. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழிச்சு திடீர்னு ரத்தம் கூடினாலும் அதே தான். காய்ச்சல், நாத்தமான போக்கு, தையல்ல சீழ், மார்பு கட்டிப் போய் சிவந்து வலிக்கறது, கெண்டைக்கால் ஒண்ணு மட்டும் வீங்கறது, நெஞ்சு வலி மூச்சுத்திணறல், எல்லாம் அவசரம். பிபி விஷயம் மேலயே சொன்னேன், அது பிரசவத்தோட முடியாது, ஜன்னி பிரசவத்துக்கு அப்புறமும் வரும்.

பத்தியம்னு தண்ணி கூட அளந்து குடுக்கற வீடு இருக்கு. பால் குடுக்கற பொண்ணுக்கு தாகத்துக்குத் தண்ணி வேணும், காய்கறி முட்டை மீன் வேணும், இரும்பு மாத்திரை பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு மாசம் போடணும்.

அப்புறம் மனசு. மூணாம் நாள் காரணமே இல்லாம அழுகை வர்றது சகஜம், ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கம் வரல, புள்ள மேல ஒட்டுதலே இல்லன்னா அது நோய், மருந்து இருக்கு. இல்லாத குரல் கேக்குது, சம்பந்தம் இல்லாம பேசறா, புள்ளைய என்னமோ பண்ணிடுவாளோன்னு பயமா இருக்குன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, புள்ளையோட தனியா விடக்கூடாது. பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயி நாள் போன கேஸ் எனக்குத் தெரியும். போன்ல பேசணும்னா 14416, மனநல உதவிக்குன்னே இருக்கற இலவச நம்பர்.

ராத்திரி நேரத்துல கூட்டிட்டுப் போயி, ஒண்ணும் இல்ல போங்கன்னு திட்டி அனுப்பிட்டா அசிங்கமா இருக்காதா?

திட்டு வாங்கலாம், நானே ஒருத்திய கூட்டிட்டுப் போயி ஒரு ஆஸ்பத்திரியில டூட்டி சிஸ்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், "இதுக்கெல்லாமா வருவீங்க"ன்னு. பிபி 130/80, புள்ள துடிப்பு நல்லா இருந்துது, டீ குடிச்சுட்டு திரும்பி வந்தோம். அடுத்த வாரம் அதே பொண்ணு திரும்ப தலைவலின்னு சொன்னப்போ அவ மாமியார் "போன தடவ தான் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே"ன்னு இழுத்தாங்க. அன்னிக்குப் பாத்தா 170/110.

போனதும் கதை சொல்லாம இப்படி சொல்லுங்க: எத்தனாவது மாசம், எத்தனாவது புள்ள, என்ன ஆச்சு, எத்தன மணிலேந்து. "எட்டு மாசம், தலப்பிரசவம், சாயங்காலம் ஆறு மணிலேந்து தலைவலி, கண்ணு மங்குது, போன வாரம் பிபி 138." இந்த ஒரு வரி சொன்னா அந்த டூட்டி சிஸ்டரே வீல்சேர் தள்ளிட்டு வருவாங்க. பைல கையில வச்சுக்குங்க, பையோட அடியில வைக்காதீங்க.